இடப்பக்கம் பரீட்சைக்கு, வலப்பக்கம் நமக்கு

உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்க இந்த வருடம் மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கம் வந்திருக்கும் தம்பி, தங்கைகளே,

கேள்வி வளைகோட்டையும் நிரம்பல் வளைகோட்டையும் நீங்கள் என்னைவிட அழகாகக் கீறுவீர்கள். பாடக்குறிப்பு எழுதுவது, தவணைக்குள் அலகுகளை முடிப்பது பற்றியெல்லாம் சொல்லித் தர ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நான் அதற்குள் போகப் போவதில்லை. ஒரு பிள்ளை வகுப்பில் எழுந்து, "விடை தெரியும், ஆனால் சொல்லமாட்டேன்" என்று நின்றால் என்ன செய்வது? எனக்குத் தெரிந்த அளவில் அதை மட்டும் சொல்கிறேன். என் விஷயத்தில் அந்தப் பிள்ளை நான் பெற்ற பிள்ளை. அவள் வகுப்பு பரீட்சை எழுதி முடித்ததும் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் இந்த நாட்களிலும் அதை நினைத்தால் என் கை சும்மா இருக்காது. சேலை முந்தானையைத் திருகிக்கொண்டே இருக்கும்.

அதற்கு முன்னால் ஒரு சின்னக் கதை. அது இல்லாமல் இது விளங்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரதியீட்டுப் பண்டம் பற்றிப் படிப்பித்தேன். ஒன்றின் விலை ஏறினால் ஆட்கள் அதற்குப் பதிலாக இன்னொன்றை வாங்குவார்கள் என்ற பாடம். புத்தகத்தில் இருந்த உதாரணம் தேயிலையும் கோப்பியும். "தேயிலை விலை ஏறினா உங்க வீட்டுல என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டு, கோப்பிக்கு மாறுவோம் என்ற விடைக்காகக் காத்திருந்தேன்.

"ஏறினா நல்லதுதானே டீச்சர்!" என்றாள் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி. "எங்க வீட்டுல தேயிலைய கடையில வாங்குறதே இல்ல. தோட்டத்துலயே தூள் குடுப்பாங்க."

வகுப்பே சிரித்தது. இடைவேளையில் கணக்கியல் படிப்பித்த ஆசிரியரிடம் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டேன். அவரும் என் வயதுக்காரர்தான். அவருடைய வாப்பா அட்டன் கடைவீதியில் புடவைக் கடை வைத்திருந்தவர். பாண் துண்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே அவர் சொன்னார்:

"அந்தப் புள்ள பிழையாச் சொல்லலியே டீச்சர். நீங்க வாங்குற ஆளா நின்னு கேட்டீங்க. அது விக்கிற பக்கம் நின்னு பதில் சொல்லிருச்சு. புள்ள எங்க நின்னு பேசுதுன்னு மொதல்ல பாருங்க. சரி போடுறது, பிழை போடுறதெல்லாம் அதுக்குப் பொறகு."

சொல்லிவிட்டு மிச்சப் பாணையும் தின்றார். அவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. எனக்கு அந்தப் பேச்சுத்தான் பின்னால் ஒரு நாள் கைகொடுத்தது.

இப்போது என் மகள் கதைக்கு வருகிறேன். பெயர் நிரோஷா. நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில் இருந்த எங்கள் பாடசாலையில் பொருளியலுக்கு நான் ஒருத்திதான். அவள் வர்த்தகப் பிரிவு எடுத்தபோது என் வகுப்பில் உட்காருவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஆகவே எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். பாடசாலை வாசலுக்குள் நான் டீச்சர். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறியதும் அம்மா. அவளாகவே பின்வரிசைக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டாள். தரம் பன்னிரண்டு முழுக்க ஒரு தடவைகூட அவளுக்கு வாய் தவறவில்லை. வீட்டில் அடுப்படியில் நின்று, "டீச்சர் இன்னைக்கு ரொம்பக் கத்துச்சும்மா" என்று என்னிடமே என்னைப் பற்றி முறைப்பாடு செய்வாள்.

என் கணவரின் அக்கா பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். நிரோஷா குழந்தையாக இருக்கும்போது நான் வேலைக்குப் போக, அவர்தான் காலையில் அவளைத் தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார். மதியம் பால் கலக்கிக் கொடுக்க இறங்கி வருவார். அதனால் நிரோஷாவுக்கு அத்தை என்றால் உயிர். கோபம் வந்தால் எங்கள் வீட்டில் கதவைச் சாத்தமாட்டாள். தோட்டம் கொடுத்த வரிசை வீடான அத்தையின் லயத்துக்குப் போய்விடுவாள்.

அவள் தரம் பதின்மூன்றில் இருந்தபோது எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் சம்பள உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் நடந்தது. ஆட்கள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கூடுவார்கள். ஆனால் மலைக்கு ஏறாமல் பாதையோரம் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். விடாத மழை. மேலே ஒரு தார்ப்பாய்ப் படங்கைக் கட்டி, அதற்குக் கீழே பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். பாடசாலை பஸ் அவர்களைக் கடந்துதான் வர வேண்டும். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகத் தங்கள் அம்மாவைப் பார்த்துக் கையசைத்துவிட்டுத்தான் படிக்க வருவார்கள்.

அந்தக் கிழமை என் பாடத்திட்டத்தில் எது வந்து நின்றது தெரியுமா? குறைந்தபட்சக் கூலி.

"பணவீக்கத்த முந்திப் போட்டுக்கங்களேன். இத ரோடு காலியானதும் படிப்பிக்கலாமே" என்றார் கணக்கியல் சேர்.

நான் யோசித்துத்தான் முடிவெடுத்தேன். பிள்ளைகள் மடையர்கள் அல்ல. பாடப்புத்தகம் எல்லார் கையிலும் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனால் ஏன் தாண்டினேன் என்று அவர்களுக்குத் தெரியும். டீச்சருக்கே பயமான பாடம் இது என்று நினைத்துக்கொள்வார்கள். முன்னோடிப் பரீட்சையும் நெருங்கிக்கொண்டிருந்தது. படிப்பித்தேன்.

படத்தைக் கீறினேன். வேலை கொடுப்பவர்களுக்கு எத்தனை ஆள் தேவை என்ற கேள்விக் கோடு, எத்தனை பேர் வேலைக்கு வரத் தயார் என்ற நிரம்பல் கோடு, இரண்டும் வெட்டும் இடத்தில் சமநிலைக் கூலி. அதற்கு மேலே ஒரு கிடைக்கோடு.

"அரசாங்கம் கூலிய இந்த எடத்துல நிர்ணயிச்சா என்ன நடக்கும்?"

வழக்கமாகக் கேள்வி முடியும் முன்னே கத்துகிற வகுப்பு. அன்றைக்குத் தலைகள் எல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பின. வகுப்பின் வாயாடி கமலினி மட்டும் சொன்னாள்: "டீச்சர், இதுக்குப் பதில் ரோட்டுல ஒக்காந்திருக்கு. போய்க் கூட்டிட்டு வரவா?"

சிரிப்பு வந்த வேகத்திலேயே அடங்கிவிட்டது. அந்த இறுக்கத்தை உடைக்க வேண்டும் என்று நினைத்து, விடை நிச்சயம் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"நிரோஷா, நீங்க சொல்லுங்க."

எழுந்தாள். "தெரியும் டீச்சர்."

"சொல்லுங்க."

"சொல்லமாட்டேன் டீச்சர்."

"ஏன்?"

"அத்த அங்க மழையில ஒக்காந்திருக்கு. நான் இங்க நனையாம நின்னுகிட்டு, சம்பளம் கூட்டிக் கேட்டா ஒனக்கு வேல போயிரும்னு சொல்லணுமா? நீங்க சொல்லுவீங்களாம்மா?"

அம்மா என்று சொல்லிவிட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. கமலினிகூட மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் என் நாக்கில் இரண்டு விடைகள் வந்து நின்றன. உங்களுக்கும் வரும். ஒன்று, "வெளியே போங்க." இன்னொன்று, "நீங்க சொல்றதுதான் சரி, புத்தகம் பிழை" என்று சொல்லிப் படத்தை அழித்துவிடுவது. இரண்டுமே சுலபம். முதலாவதைச் செய்திருந்தால் அவள் மட்டும் எழுந்து போயிருப்பாள், ஆனால் பாதி வகுப்பின் மனது அவளோடு போயிருக்கும். இரண்டாவதைச் செய்திருந்தால் கை தட்டியிருப்பார்கள். பிறகு எங்கோ இருந்து விடைத்தாள் திருத்துகிறவர் பூச்சியம் போட்டிருப்பார். அவருக்கு எங்கள் அத்தையைத் தெரியாது. பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளைக்கு நான் வாங்கிய கைதட்டலால் என்ன பிரயோசனம்?

பிள்ளை எங்கே நின்று பேசுகிறது என்று பார்த்தேன். படங்குக்குக் கீழே நின்று பேசினாள். என் படம் அங்கே நிற்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

"நீங்க ஒக்காருங்க" என்றேன். வகுப்பைப் பார்த்துக் கேட்டேன்: "இந்தப் படத்துல வேல குடுக்கிறவங்க எத்தன பேர்?"

"நெறையப் பேர் டீச்சர்." புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

"உங்க அம்மாவுக்கு?"

பின்னாலிருந்து யாரோ, "ஒரே ஒரு தோட்டந்தான்" என்றார்கள்.

"அடுத்த தோட்டத்துக்குப் போகலாமே?"

"லயத்த விட்டுட்டு எங்க டீச்சர் போறது?" இது கமலினி. "அங்கயும் இதே சம்பளந்தானே!"

கரும்பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு நீண்ட கோடு போட்டேன். இடப்பக்கம் புத்தகத்துப் படம் அப்படியே நின்றது. வலப்பக்கம் இன்னொரு படம் கீறினேன். வேலை கொடுப்பவர் ஒரே ஒருவர். ஆட்களுக்குப் போக வேறு இடமில்லை. அப்படியான இடத்தில் அவர் கூலியைக் கீழே பிடித்து வைத்திருக்க முடியும். அதைக் கொஞ்சம் உயர்த்தினால் வேலை குறைய வேண்டும் என்று கட்டாயமில்லை. இது நான் அவர்களைச் சமாதானப்படுத்தக் கட்டிய கதை அல்ல. நீங்களும் பல்கலைக்கழகத்தில் படித்திருப்பீர்கள்.

"அப்ப எவ்வளவு வேணும்னாலும் கூட்டலாமா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "எங்க மேல்மலைய கட்டுப்படியாகலன்னு ஏற்கெனவே காடா விட்டுட்டாங்க" என்று இன்னொரு பிள்ளையே சொன்னது. ஆக, வலப்பக்கமும் முழுதாக நம் பக்கம் இல்லை என்பதையும் அன்றைக்கே பார்த்தோம்.

"இடப்பக்கம் பரீட்சைக்கு. வலப்பக்கம் நமக்கு. பரீட்சையில மொதல்ல இடப்பக்கத்த முழுசா எழுதிட்டுத்தான் மத்தது" என்று சொல்லி முடித்தேன். நிரோஷா எதையும் எழுதவில்லை. பின்னேரம் என்னோடு பஸ் ஏறவும் இல்லை. அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று கமலினியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். பக்கத்து ஆசனம் காலியாக, நான் தனியாக வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு எனக்கு வந்த யோசனைகளை உங்களுக்கு விவரிக்கப் போவதில்லை. பொருளியலை விட்டுவிடுவாளோ என்பதுதான் பெரிய பயம். அதை விட்டால் வர்த்தகப் பிரிவே போச்சு. பிறகு பல்கலைக்கழகம் ஏது?

ஒரு வகுப்பில் சொன்னது வெளியே போகும்போது பாதிதான் போகும் என்பதை மறுநாள் கற்றுக்கொண்டேன். வலப்பக்கம் வகுப்பிலேயே தங்கிவிட்டது. இடப்பக்கம் மட்டும் லயம் லயமாகப் போயிருந்தது. காலையில் பஸ் படங்குக்குப் பக்கத்தில் மெதுவாகப் போனபோது ஒரு பெண் எழுந்து கேட்டார்:

"என்னா டீச்சர், தோட்டத்துத் தொரை பக்கம் சேந்துட்டீங்களாமே!"

கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பெண்கள் பாடசாலை வாசலுக்கே வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் எங்கள் அத்தை. தலையில் பொலித்தீன், இடுப்பில் சாக்கு. அவருக்குப் பக்கத்தில் சீருடையில் என் மகள்.

எங்கள் பாடசாலை அதிபர் மென்மையான மனிதர். என்னைக் கூப்பிட்டு, "பிழையாச் சொல்லிட்டேன், மன்னிச்சிக்கங்கன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க டீச்சர். போயிருவாங்க" என்றார்.

"நான் பிழையாச் சொல்லலியே சேர்."

"அத இப்ப யாரு கேட்டா?"

மன்னிப்புக் கேட்பதில் எனக்குச் சங்கடம் எதுவும் இல்லை. ஆனால் என் மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய வகுப்பும் ஜன்னலில் நின்றது. பாடம் பிழை என்று வாசலில் சொல்லிவிட்டு, அதே பாடத்தைப் பரீட்சையில் எழுதுங்கள் என்று வகுப்பில் எப்படிச் சொல்வேன்? அவர்களை வகுப்புக்குக் கூட்டிப் போக அனுமதி கேட்டேன். அதிபர் நெற்றியைத் தடவினார். "சத்தம் வந்துச்சுன்னா நான் இன்னைக்கு லீவு" என்றார்.

படங்கள் கரும்பலகையில் அப்படியே இருந்தன. பக்கத்தில் கமலினி 'அழிக்க வேண்டாம்' என்று பெரிதாக எழுதி வைத்திருந்தாள். பெண்கள் பின்வரிசை ஆசனங்களில் உட்கார்ந்தார்கள். சிலர் தங்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொண்டார்கள். நான் சோக்கட்டியை எடுத்தேன்.

"நீ பேசாத" என்றார் அத்தை. "நீ பேசினதுதான் இப்ப வாசல் வரைக்கும் வந்திருக்கு. இவ பேசட்டும்."

நிரோஷா அசையவில்லை. அத்தை அவள் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினார். "போடி. நேத்து ராத்திரி பூரா என்கிட்ட பொலம்புனியே, அத இங்க சொல்லு."

அவள் என் கையிலிருந்து சோக்கட்டியை வாங்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அத்த, இந்தப் பக்கம் ஒரு கற்பன. வேல குடுக்க ஆயிரம் பேர் இருக்காங்கன்னு வச்சிக்கங்க."

"ஆயிரம் பேரா? எங்க?"

"இந்தப் படத்துல."

"அப்ப அந்தப் படத்துல எனக்கு ஒரு வீடு பாரு!"

பெண்கள் சிரித்தார்கள். பிள்ளைகளும் சிரித்தார்கள். நிரோஷாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் அவளால் மிச்சத்தைச் சொல்ல முடிந்தது. அப்படி ஓர் இடத்தில் சமநிலைக்கு மேலே கூலியை நிர்ணயித்தால் கொஞ்சப் பேருக்கு வேலை இல்லாமல் போகும் என்றாள்.

"அதாவது எனக்கு வேல போயிரும்?"

நிரோஷா கிடைக்கோட்டின் மேல் சோக்கட்டியை வைத்தாள். "ஆமா அத்த. இந்தப் பக்கத்துல."

முந்திய நாள் சொல்லமாட்டேன் என்று நின்றதை, யாருக்காகச் சொல்லாமல் நின்றாளோ அவருடைய முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டாள். பிறகு கோட்டைத் தாண்டி வலப்பக்கத்துக்குப் போனாள். அங்கே அவள் குரல் மாறிவிட்டது. நான் சொன்னதைவிட நன்றாகவே சொன்னாள். காடாகிப்போன மேல்மலையையும் விடாமல் சொன்னாள்.

முடித்ததும் எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள்.

"எனக்கு ரெண்டு பக்கமும் வெளங்கல" என்றார் அத்தை எழுந்துகொண்டே. "நான் அதுக்கு வரவும் இல்ல. இந்தப் புள்ள நேத்துலருந்து ஒரு வாய் சோறு திங்கல. என்னான்னு கேட்டா படம்ங்குது, கோடுங்குது, அம்மாகிட்ட பேசமாட்டேங்குது. அதான் இழுத்துட்டு வந்தேன். இவளுகதான் சண்டைன்னு நெனச்சிக்கிட்டுக் கூடவே வந்துட்டாளுக."

நான் அவரைச் சண்டைக்கு வந்தவர் என்று நினைத்திருந்தேன். அவர் என் பிள்ளைக்குச் சோறு ஊட்ட வந்திருந்தார்.

ஆனால் மற்றப் பெண்கள் சண்டைக்குத்தான் வந்தார்கள், அதையும் மறைக்கக் கூடாது. காலையில் பஸ்ஸைப் பார்த்துக் கேட்ட பெண் கதவடியில் நின்று சொல்லிவிட்டுப் போனார்: "சரி டீச்சர். ஆனா எங்க புள்ளைங்களுக்கு ஒரு பக்கத்த மட்டும் சொல்லி விட்றாதீங்க."

தம்பி, தங்கைகளே, உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் அறிவுரை அந்தப் பெண் சொன்னதுதான். அதோடு என்னுடையதாக ஒன்று. வலப்பக்கத்தைக் காட்டிய மகிழ்ச்சியில் இடப்பக்கத்தைச் சரியாகப் படிப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். இங்கிருந்து ஒரு பிள்ளை வெளியே போவதற்கு இருக்கும் வாசல்கள் குறைவு.

இதைச் சொல்கிற எனக்கே இன்னும் நிம்மதி வரவில்லை. அந்த வகுப்பின் பரீட்சைப் பெறுபேறு இன்னும் வெளிவரவில்லை. அத்தை தினமும் போன் எடுத்து, "வந்திருச்சா?" என்கிறார். "இல்லக்கா" என்கிறேன். அந்தக் கோட்டைப் போட்டது சரிதானா என்று விடிகிற ஒவ்வொரு நாளும் என்னை நானே கேட்கிறேன். சரி என்றுதான் விடை வருகிறது.

பொருளியல் பரீட்சை நாளில் அட்டனில் இருந்த பரீட்சை நிலைய வாசலில் நானும் மற்றப் பெற்றோரோடு குடை பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் ஓடி வந்த கமலினி, "டீச்சர், அது வந்திருக்கு!" என்று கத்திவிட்டுப் போனாள். விரும்பினால் எழுதலாம், இல்லாவிட்டால் வேறொன்றை எடுக்கலாம் என்ற பகுதியில் வந்திருந்தது. முன்னோடிப் பரீட்சையில் நிரோஷா அப்படியான கேள்வியைத் தொடாமல் விட்டிருந்தாள். எழுத முடியும் என்பதும் எழுத மனம் வருவதும் வேறு வேறு என்று அப்போது எனக்குச் சொன்னாள்.

கடைசி ஆட்களோடு வெளியே வந்தாள். பாடசாலையை விட்டு இவ்வளவு தூரத்தில், இத்தனை பேருக்கு நடுவே நின்று என்னை டீச்சர் என்றே கூப்பிட்டாள்.

"டீச்சர், அந்தக் கேள்விய எடுத்தேன்."

"இடப்பக்கம்?"

"முழுசா எழுதினேன்."

"வலப்பக்கம்?"

அவள் என் குடையை வாங்கி எனக்கு மேலே பிடித்தாள்.

"அதுவும் எழுதினேன் டீச்சர். கடைசிக் கேள்விக்குத்தான் நேரம் பத்தல."

ஒரே குடைக்குள் பஸ் நிலையம் வரை நடந்தோம். நோர்வூட் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு அவள் என் தோளில் தலையைச் சாய்த்தாள்.

"அம்மா," என்றாள், "பசிக்குது."